லஸ் வீட்டுச் சிவப்புப் போர்வை

என் அருமை நாத்தனார் பத்மாவுக்கு,

'அருமை' என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அடித்தால் காகிதம் அசிங்கமாகும், இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்த மாதம் உனக்கு வருஷாப்திகம். உன் அண்ணா வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். நீ போய் இத்தனை நாளாகிறதே, விஜயாவின் கோபம் கொஞ்சமாவது இறங்கியிருக்கும் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இறங்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இதை ஏன் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுத வேண்டும் என்று கேட்பாய். நீ அந்தப் போர்வையை அடையாறு வீட்டுக் கூடத்தில் ஆணி அடித்து மாட்டி, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டவில்லையா? நீ ஊரறியச் செய்ததற்கு நான் மட்டும் ஏன் பூட்டிய அறையில் பதில் சொல்ல வேண்டும்?

படிக்கிறவர்களுக்கு நம்மைத் தெரியாது என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். மந்தைவெளியில் ஒரு ஃப்ளாட். பழைய பஞ்சுப் போர்வைகள் சேர்ப்பது என் பைத்தியம். பஞ்சை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் துணி போட்டு, பொடித் தையலாகத் தைத்த ரஜாய்கள். இந்த ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று கேட்காதவர்களே கிடையாது. நான் போர்த்திக்கொள்வதற்குச் சேர்க்கவில்லை, பார்ப்பதற்கு. நீ என் கணவரின் ஒரே தங்கை. தரமணியில் வேலை, அடையாறில் தனி வீடு, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். முதலில் என் போர்வைகளைக் கந்தல் என்று கேலி செய்தாய். பிறகு சனிக்கிழமைகளில் என்னோடு வர ஆரம்பித்தாய். தி.நகரிலும் ஆழ்வார்பேட்டையிலும் பழைய வீடுகளைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், நாம் இருவரும் வாசலில் நிற்போம். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அந்தச் சனிக்கிழமைகளில் எனக்கு அந்தக் குறை தெரியவில்லை. இதைச் சொல்வது உன்னைப் புகழ்வதற்கு இல்லை. எவ்வளவு நம்பினேன் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

லஸ் பக்கம் ஒரு பழைய பங்களாவை பில்டருக்குக் கொடுக்கிறார்கள் என்று தகவல் வந்தது எனக்குத்தான். அன்றைக்கு உனக்கு ஆபீஸ், நான் மட்டும் போனேன். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், அந்த மாமி ஒருத்தியாக அவ்வளவு பெரிய வீட்டில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். உள் அறையில் கட்டில்மேல் மெத்தைகள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சிவப்பு ஓரம் தெரிந்தது. நானும் மாமியுமாக மெத்தைகளைத் தள்ளி அதை வெளியே இழுத்தோம்.

பத்மா, நீ அதை முதலில் பார்த்தபோது உனக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாயவேர்ச் சிவப்பு, மங்கவே இல்லை. நடுவில் ஒரு மரம், அதில் ஒரே கிளையில் பத்து விதமான பூ. கிளிகள், மயில்கள், ஒரு மூலையில் தொப்பி போட்ட ஆள் ஒருவன் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஓரம் முழுக்கக் கப்பல்கள். எல்லாம் கையால் எழுதியது, அச்சு இல்லை. இந்தக் கடற்கரையில் எழுதி, கப்பல் ஏற்றி அனுப்பிய துணிகளில் ஒன்று. எந்தக் காரணத்தாலோ கப்பல் ஏறாமல் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் தங்கி, அவர் ஊருக்குப் போகும்போது ஏலத்தில் மாமியின் மாமனாரிடம் வந்ததாம். இந்த மாதிரி ஒன்றைப் படத்தில் பார்த்திருக்கிறேனே தவிர, தொட்டதில்லை.

மாமி சொன்னது: "பொங்கல் ஆகட்டும்மா. பெரியவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுண்டு உனக்கே தரேன்." உனக்கே என்றாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உனக்கு போன் செய்தேன். ஒரு பூ விடாமல் சொன்னேன். தெரு, வீடு, மாமி எப்போது தூங்குவாள், எப்போது எழுந்திருப்பாள், எல்லாம். நீ "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய்.

பொங்கல் கழிந்து நான் போனபோது மாமி என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். "உன் நாத்தனார் வந்து எடுத்துண்டு போயிட்டாளே. நீதான் அனுப்பினே, முழங்கால் வலியால வரமுடியலைன்னு சொன்னாளே" என்றாள். என் முழங்காலுக்கு அன்றைக்கு ஒன்றும் இல்லை. இன்றைக்கு இருக்கிறது, அது வேறு விஷயம். மாமியிடம் நான் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. "ஆமாம், மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். உன் பொய்யை நானே காப்பாற்றும்படி ஆயிற்று.

நேராக அடையாறுக்கு வந்தேன். கதவைத் திறந்த உன் முகத்தில் பயம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. கூடத்துச் சுவரில் அதை மாட்டியாகிவிட்டது. அதுவும் எங்கே? கிழக்கு ஜன்னலுக்கு எதிரே. காலை வெயில் நேராக அதன்மேல் விழுகிறது, கடல் காற்று வேறு. திருடியதுகூட இருக்கட்டும், திருடியதை வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டாமா?

நான் கத்தினேன். நீ காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்தாய். டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு நீ சொன்னதை இன்றைக்கும் அப்படியே திருப்பிச் சொல்வேன். "உங்களுக்கு எல்லாம் கெடைச்சிருக்கு மன்னி. எங்கண்ணாவும் சேத்து. இது ஒண்ணு எனக்கு இருந்துட்டுப் போகட்டுமே."

கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் கழித்து, உன் அண்ணாவை நான் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கும் இந்தப் போர்வைக்கும் என்ன சம்பந்தம்? பொய் சொல்லிப் பொருளை எடுத்துக்கொண்டு வந்தவள் பாவப்பட்டவள் மாதிரி நிற்கிறாளே! "இனிமே மன்னின்னு கூப்பிடாதே" என்று சொல்லிவிட்டுக் காபியைத் தொடாமல் இறங்கி வந்தேன்.

நீயும் கூப்பிடவில்லை. கல்யாணங்களில் நான் பந்தியின் இந்தக் கோடியில் உட்கார்ந்தால் நீ அந்தக் கோடி. நடுவில் உன் அண்ணா, இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். உனக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்த பிறகு நான் தினமும் ரசமும் குழைந்த சாதமும் அவரிடம் கொடுத்தனுப்பினேன். பாத்திரம் தேய்த்துத் திரும்பி வரும். நன்றாக இருந்தது, இல்லை, உப்பு போதவில்லை, ஒரு வார்த்தையும் வராது. ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை வந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி படுத்திருந்தாய். தூங்குகிறவளுக்கு இமை அப்படித் துடிக்காது, பத்மா. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டேன்.

நீ போன பிறகு, காரியங்கள் முடிவதற்கு முன்பே, உன் அண்ணா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "அந்த ரஜாயை யாருக்கு வேணா குடு, மன்னிகிட்ட மட்டும் குடுத்துடாதேன்னு பத்மா எங்கிட்ட சத்தியம் வாங்கிண்டிருக்கா. நீ அதைக் கேக்கக் கூடாது."

நான் கேட்கவில்லை. ஆனால் அடுப்படியில் நின்று கொதித்தேன். உயிரோடு இருந்தவரை பேசவில்லை. போகும்போது ஒரு அறை கொடுத்துவிட்டுப் போகிறாய். அதுவும் நான் திருப்பிக் கொடுக்க முடியாத இடத்துக்குப் போய்விட்டு.

உன் வீட்டை வாடகைக்கு விட வேண்டும் என்று ஒழிக்க ஆரம்பித்தோம். நான் வந்தபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது. போர்வை எங்கே என்று கேட்டதற்கு, கொடுத்தாயிற்று என்றார் உன் அண்ணா. ஆழ்வார்பேட்டையில் புதிதாகக் காபிக் கடை திறக்கிறார்களாம். அதற்கு உள் அலங்காரம் செய்கிற கார்த்திக் என்று ஒரு பையன் உன் பழைய நாற்காலிகளை வாங்க வந்தவன், இதையும் பார்த்துக் கேட்டானாம். தலையைச் சுற்றித் தூக்கிக் கொடுத்திருக்கிறார். உனக்குக் கொடுத்த வாக்கு சீக்கிரமாக நிறைவேறிவிட்ட நிம்மதி அவருக்கு.

மறுநாள் காலையில் நான் அந்தக் கடைக்குப் போனேன். இன்னும் வேலை நடந்துகொண்டிருந்தது. கார்த்திக் மரியாதையான பையன்தான். உட்காருங்க ஆன்ட்டி என்று ஸ்டூல் போட்டான். போர்வையை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

"ஃபுல்லா மாட்டினா ரொம்ப ஹெவியா இருக்கும் ஆன்ட்டி. கண்டிஷனும் அவ்ளோ நல்லா இல்ல. நல்ல போர்ஷன் மட்டும் கட் பண்ணி, ஒவ்வொரு டேபிளுக்கு மேலயும் ஒரு ஃப்ரேம். கிளி ஒண்ணு, கப்பல் ஒண்ணு, அந்த மாதிரி."

கட் பண்ணி. நான் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன். என்ன விலை வேண்டுமானாலும் தருகிறேன் என்றேன். அவன் சிரித்தான். பணம் பிரச்சினை இல்லையாம். கடைக்காரர் படத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டுவிட்டாராம், திறப்பு விழா நெருங்கிவிட்டதாம், சுவருக்கு ஏதாவது வேண்டுமாம். அப்படியானால் வேறு பழைய போர்வைகள் தருகிறேன், இதைக் கொடு என்றேன். போனில் என் சேகரிப்பின் படங்கள் இருந்தன. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். நான் விட்டுக்கொடுக்கலாம் என்று நினைத்தவற்றை எல்லாம் தள்ளிவிட்டு மூன்றில் வந்து நின்றான்.

குஜராத்தில் கட்ச்சிலிருந்து வந்த நீலம். தஞ்சாவூர் மராட்டியக் குடும்பத்தில் வாங்கிய, பட்டுத் துண்டுகள் ஒட்டியது. மூன்றாவது, தி.நகரில் நாம் இருவரும் சேர்ந்து பேரம் பேசி முதன்முதலாக வாங்கினோமே, அந்தப் பச்சைக் கட்டம்.

"இதையும் வெட்டுவியாப்பா?" என்று கேட்டேன்.

"கட் பண்ணாம எப்படி ஆன்ட்டி ஃப்ரேம் போடறது?"

வீட்டுக்குப் போய் மூன்றையும் எடுத்தேன். வசம்பு போட்டு, மாதாமாதம் மடிப்பை மாற்றி மாற்றி வைத்து, ஈரம் படாமல் காப்பாற்றியவை. ஆட்டோக்காரர் மூட்டைகளைப் பார்த்து, "இன்னாம்மா, வூடு காலி பண்றீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

அவன் உதவியாள் சிவப்புப் போர்வையை ஒரு பழைய படுக்கை விரிப்பில் கட்டிக்கொண்டிருந்தபோதே, மேஜைமேல் நீலத்தை விரித்துவிட்டார்கள். பஞ்சோடு சேர்த்துத் துணி வெட்டுப்படுகிற சத்தம் உனக்குத் தெரியாது. அது கிழிகிற சத்தம் இல்லை, மெல்லுகிற சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை, மூட்டையைப் பிரித்தும் பார்க்கவில்லை. ஒன்றைக் காப்பாற்ற மூன்றை வெட்டக் கொடுத்தவள் என்று நாளைக்கு யாராவது சொல்லலாம். சொல்லட்டும். அந்த மூன்றும் உன்னால் போயின. மன்னிகிட்ட மட்டும் குடுத்துடாதே என்று நீ சத்தியம் வாங்காமல் இருந்திருந்தால் அவை என் பீரோவில் இருந்திருக்கும்.

மத்தியானம், நல்ல வெளிச்சம் இருக்கும்போது, கட்டில்மேல் மூட்டையைப் பிரித்து விரித்தேன்.

தலைமாட்டு ஓரம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. மரத்தின் அடியில் மஞ்சளாக ஒரு பெரிய மருந்துக் கறை. அதைத் தேய்த்த இடத்தில் மயிலின் கழுத்து வெளுத்துப்போயிருந்தது. நடுவில் ஒரு சாண் கிழிசல். அதைக் கறுப்பு நூலால், கோணிப்பை தைக்கிற மாதிரி, இழுத்துத் தைத்திருந்தாய். இருநூறு வருஷத் துணியில் கறுப்பு நூல். லஸ் வீட்டில் மெத்தைக்கு அடியில் கிடந்தபோது அதன்மேல் ஒரு பொட்டுகூட இல்லையே. பத்மா, அந்த நிமிஷம் நீ உயிரோடு என் முன்னால் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஜடமே, ஜடமே என்று கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து உன்னைத் திட்டினேன்.

உன் அண்ணா பேங்குக்குப் போய்விட்டு வந்தவர், அறை வாசலில் நின்றுவிட்டார். முகம் கறுத்துவிட்டது.

"செத்துப்போனவளுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேன். அதையும் தட்டிப் பறிச்சுண்டு வந்துட்டே. இப்ப சந்தோஷமா?"

"சந்தோஷமா? உங்க தங்கை இதை என்ன பண்ணி வெச்சிருக்கான்னு பாருங்கோ. அடுப்புத் துணியைக்கூட இப்படி யாரும் வெச்சுக்கமாட்டா."

அவர் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அந்த எண்ணெய் படிந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டார். பிறகு பேசினார். மருந்து ஏற்றிவிட்டு வந்தால் உனக்கு உடம்பெல்லாம் உதறுமாம். வெளியே கத்திரி வெயில், நீ மட்டும் பல் கிட்டிப்போய்க் கிடப்பாயாம். அவர் வாங்கிவந்த கம்பளி குத்துகிறது என்று தள்ளிவிட்டாயாம். ஒரு நாள் அவர் வந்து பார்த்தபோது கூடத்தில் ஸ்டூல் கிடந்தது, சுவர் காலி. நீயே ஏறி இழுத்திருக்கிறாய், அப்போதுதான் கிழிந்திருக்கிறது. அன்றிலிருந்து கடைசிவரை அதைத்தான் போர்த்திக்கொண்டிருந்தாயாம்.

"மன்னிகிட்ட குடுக்காதேன்னு சொன்னது அதுக்குத்தான்" என்றார். "இந்தக் கோலத்துல பாத்தா மன்னி என்னைச் சும்மா விடமாட்டா, செத்தாலும் விடாம திட்டுவான்னு சொன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா."

"இதை ஏன் அன்னிக்கே முழுசாச் சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ அன்னிக்கே திட்ட ஆரம்பிச்சிருப்பே. அவளுக்குப் பத்தாம் நாள் காரியம்கூட ஆகலை அப்போ."

அவர் சொன்னது சரிதான். திட்டியிருப்பேன். உனக்கும் என்னைத் தெரிந்திருக்கிறது, அவருக்கும் தெரிந்திருக்கிறது.

இப்போது கேட்கிறேன், பதில் சொல்லு. லஸ் மாமியிடம் நீ சொன்ன பொய் எனக்கு ஆறாது. ஆனால் அதைவிட ஆறாதது ஒன்று இருக்கிறது. குளிருகிறது மன்னி என்று ஒரு போன் செய்ய உனக்கு என்ன? பீரோ நிறையப் போர்வை வைத்துக்கொண்டு நான் மந்தைவெளியில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டோவில் எவ்வளவு நேரம்? கனமானது இருந்தது, மெத்தென்று இருந்தது, அழுக்கானால் துவைக்கிற மாதிரியும் இருந்தது. மன்னி என்று கூப்பிடாதே என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டாயா? கோபத்தில் ஆயிரம் சொல்வார்கள். என் ரசத்தைச் சாப்பிட்டாயே, அது யார் கொடுத்தது என்று நினைத்தாய்? நான் வந்து நின்றபோது கண்ணைத் திறந்து திட்டியிருக்கலாமே, நானும் திட்டியிருப்பேனே. அதற்குள் என்ன அவசரம் உனக்கு?

இங்கே சேதி ஒன்றும் விசேஷமில்லை. உன் அண்ணா ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு காபிக்கு வந்தார். உன் வீட்டுக்கு ஒரு சின்னக் குடும்பம் வாடகைக்கு வந்திருக்கிறது. அந்த ஆழ்வார்பேட்டைக் கடை திறந்தாயிற்று. நான் ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்தேன். நம் பச்சைக் கட்டம் கைகழுவுகிற இடத்துக்கு மேலே தொங்குகிறது. காபியும் நன்றாக இல்லை.

பழைய துணிகளைச் சீர்செய்கிற ஒரு பெண் வந்து பார்த்தாள். கறுப்பு நூலைப் பிரித்து, கிழிசலுக்குப் பின்னால் துணி கொடுத்துத் தைத்துத் தந்தாள். நீ தைத்ததைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மருந்துக் கறையையும் எண்ணெயையும் பக்குவமாக எடுத்துவிடலாம், சாயம் போகாது என்றாள். நான் வேண்டாம் என்றுவிட்டேன். உன்மேல் உள்ள பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. சாட்சியை யாராவது துவைப்பார்களா?

இப்போது அதைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். போன வாரம் மும்பையிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தாள். மரத்தைப் பார்த்தாள், கப்பல்களைப் பார்த்தாள், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு கறையைக் காட்டி, ஐயோ, இது யார் செய்தது என்றாள். அவளுக்குச் சொன்னதையே இனி வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்வேன். இந்த மரத்தை எழுதியது யார் கை என்று தெரியாது, தைத்தவர்கள் பெயரும் தெரியாது. இந்தக் கறை மட்டும் என் நாத்தனார் பத்மாவுடையது. பொய் சொல்லி என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போனாள், குளிர் தாங்காமல் போர்த்திக்கொண்டு பாழாக்கினாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய்ச் சேர்ந்தாள். நான் இருக்கிறவரை உன் பெயரைச் சொல்லாமல் ஒருவருக்கும் இந்தப் போர்வையை விரித்துக் காட்டமாட்டேன். உன் அண்ணாவின் சத்தியம் மாதிரி இது தவறிப்போகாது. நம்பு.

திட்டி இன்னும் முடிக்காத,
உன் மன்னி
விஜயா